சாவி, ஆன்மா, மதர்போர்டு

2016 கோடையில் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிற்று. 2011இல் மதுரையில் ஒரு சின்னக் கடையில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கட்டிய மெஷின் அது. அதிலிருந்த விண்டோஸ் 7 காசு கொடுத்து வாங்கியது. இதற்காக நண்பர்கள் என்னைக் கேலி பேசியதுண்டு (ஏகாதிபத்தியத்துக்கு நான் கட்டிய கப்பம் என்றார் ஒருவர்). நான் பங்குகொண்ட சிறுபத்திரிகையின் பக்கங்களெல்லாம் அதில்தான் கோக்கப்பட்டன. மெக்கானிக் தம்பி வீட்டுக்கு வந்து புது டிஸ்க்கை மாட்டினான். பிறகு கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் செல்போன் வெளிச்சத்தை அடித்து, அதில் மங்கிக்கிடந்த இருபத்தைந்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்துத் தட்டினான்.

"பழைய கீ மறுபடி செல்லுமா தம்பி?"

"டிஸ்க்தானண்ணே போச்சு? மெஷினு அதேதான? அப்புறம் என்ன?"

இண்டர்நெட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஆகவே டெலிபோன். திரையில் தெரிந்த நீண்ட எண் வரிசையை போனில் அழுத்த வேண்டும். அழுத்தி முடித்ததும் பதிவு செய்து வைத்த குரல் ஒன்று கேட்டது: இந்த மென்பொருள் எத்தனை கம்ப்யூட்டர்களில் போடப்பட்டிருக்கிறது? ஒன்றை அழுத்தினேன். குரல் சமாதானமாகி, பதிலுக்கு இன்னொரு எண் வரிசையைச் சொல்லத் தொடங்கியது. எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. தப்பு எதுவும் செய்யாதவனுக்கும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் வேர்க்குமே, அப்படி.

ஒன்று என்று அழுத்தினேனே, அந்த ஒன்று எது? டிஸ்க் புதுசு. அதற்கு முந்தைய வருஷம் ரேம் மாற்றியிருந்தேன். பவர் சப்ளை இரண்டாவது. கீபோர்டு எத்தனையாவது என்று எனக்கே நினைவில்லை. "மெஷினு அதேதான" என்றான் தம்பி, நானும் ஆமாம் என்றேன், குரலும் ஏற்றுக்கொண்டது. மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொன்னோமே தவிர, மூன்று பேரும் நினைத்தது ஒன்றல்ல என்பது பிற்பாடு அந்த உரிம ஒப்பந்தங்களை உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரே கம்ப்யூட்டரில் ஒரே கீயை மறுபடி போடலாமா என்று கேட்டால் பதில் சுலபம்: போடலாம், டிஸ்க்கை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் போடலாம். ஆனால் அது "ஒரே கம்ப்யூட்டர்" தானா என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நான் பேச வந்தது இதைத்தான்.

*

மென்பொருள் பற்றி நம் வட்டாரத்தில் பேச்சு வந்தால் அது இரண்டு தடங்களில் ஓடும். எழுத்தாளர்களில் ஒரு சாரார் அறிவுச் சொத்து, உழைப்பு, திருட்டு என்பார்கள். அவர்களுடைய நாவலை எவனோ பி.டி.எஃப். ஆக்கிச் சுற்றுக்கு விட்ட கோபம் அதில் கலந்திருக்கும், அந்தக் கோபம் நியாயமானதே. இயக்கத் தோழர்கள், கள்ளப் பிரதி என்பது ஏகபோகத்துக்கு எதிரான விளிம்பின் கலகம் என்பார்கள். நானும் ஒரு காலத்தில் இரண்டாவது பாட்டைப் பாடியவன்தான். பூக்கோவின் "ஆசிரியன் என்பது என்ன" உரையை (1969) அரையும் குறையுமாகப் படித்துவிட்டு, ஆசிரியனே ஒரு செயல்பாடு என்றால் லைசென்ஸ் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்டுக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

கலகம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவழிப்பதற்கு முன் எதிர்த்தரப்பு என்ன நினைத்தது என்று பார்த்திருக்க வேண்டும். 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு, பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. ஹார்டுவேருக்குக் காசு கொடுக்கிறீர்கள், மென்பொருளை மட்டும் திருடுகிறீர்கள் என்பது அதன் சாரம். அதே மனிதர் 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றிச் சொன்னது வேறு விதம். எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிப்போவார்கள், வசூலிக்கிற வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அது அமைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கொள்கை மாறிவிட்டதா என்றால் இல்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க இன்றைக்கும் விண்டோஸ் மெஷினைத் தேடி ஓடுகிறோம். கலகம் செய்தவர்களின் ஆவணக்காப்பகம் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறதல்லவா? கள்ளப் பிரதியில் வேலை செய்தவனும் காசு கொடுத்த நானும் இந்த விஷயத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

திருட்டா இல்லையா என்ற விவாதம் இப்படி ஒரு வசதியான மறைப்பாகிவிடுகிறது. அது எண்ணிக்கையைப் பற்றிய விவாதம்: ஒரு பிரதியா, பத்துப் பிரதியா. எண்ணப்படுகிற பொருள் எது என்பதை இரு தரப்புமே கேட்பதில்லை. நியாயமாக நடந்துகொள்கிறவன், ஒரே மெஷின், ஒரே கீ என்று ஒழுங்காக இருப்பவன், அவன் விஷயத்தில்தான் இந்த அதிகாரத்தின் நிஜ முகம் தெரியும் என்பது என் கட்சி. அவன் எதையும் மீறவில்லை. இருந்தும் அவன் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

*

இனி பிரதிக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் உரிமங்களில் பொது ஜனத்துக்கு வருபவை முக்கியமாக இரண்டு வகை. கடையில் தனியாகப் பெட்டியில் விற்கிற உரிமம் ஒன்று; இதை ஒரு மெஷினிலிருந்து கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம், ஒரு சமயத்தில் ஒன்றில் மட்டும். மற்றது மெஷினோடு ஒட்டிப் பிறக்கிற உரிமம், ஓ.இ.எம். என்பார்கள், விலை குறைவு. இது முதலில் எந்த மெஷினில் ஏறியதோ அதோடு சாக வேண்டியது. என்னுடையது இந்த வகை. இரண்டு வகையிலும் முதல் வாசகங்களில் ஒன்று பொதுவாக இருக்கும்: இந்த மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமமாக வழங்கப்படுகிறது. விற்கப்படவில்லை என்பதைக் காசு வாங்கிக்கொண்ட பிறகு சொல்கிற தைரியத்தை நாம் கவனிக்க வேண்டும், ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன்.

2015இல் வந்த விண்டோஸ் 10 ஒப்பந்தம் "சாதனம்" என்ற சொல்லுக்கு ஒரு இலக்கணம் சொல்கிறது. மென்பொருளை ஓட்டக்கூடிய, உள்ளே சேமிப்பு வசதி கொண்ட ஒரு ஹார்டுவேர் அமைப்பு. அது நிஜமானதாகவும் இருக்கலாம், மெய்நிகரானதாகவும் இருக்கலாம். அதாவது என் மேஜைமேல் இருக்கிற ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் இன்னொரு கற்பனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, பழைய எழுத்துருக்களுக்காக அதில் ஒரு விண்டோஸைத் தனியே போட்டேன் என்றால், ஒப்பந்தப்படி அது இரண்டாவது சாதனம். அதற்குத் தனி உரிமம் வேண்டும். கரண்டு பில் ஒன்று, பெட்டி ஒன்று, உட்கார்ந்திருக்கிற ஆள் ஒன்று. கம்ப்யூட்டர் மட்டும் இரண்டு. ஒன்றை இரண்டு என்கிற இந்த வல்லமையை மனதில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் பாருங்கள். பெட்டி, டிஸ்க், ரேம், திரை எல்லாவற்றையும் மாற்றுங்கள், அதே கம்ப்யூட்டர். மதர்போர்டை மட்டும் மேம்படுத்துவதற்காக மாற்றுங்கள், வேறு கம்ப்யூட்டர், ஓ.இ.எம். உரிமம் போயிற்று. பழுதானதால் மாற்றினால் மன்னிப்பு உண்டு. ஆக, ஒரே காரியம், ஆசையால் செய்தால் மரணம், விபத்தால் நேர்ந்தால் அதே உயிர். கர்மக் கோட்பாடு கெட்டது போங்கள்.

ஏன் மதர்போர்டு? கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்காக அந்தக் கம்பெனி தந்த விளக்கத்தில் ஒரு சொற்சேர்க்கை வருகிறது: மதர்போர்டுதான் கம்ப்யூட்டரின் இதயமும் ஆன்மாவும். வழக்கமான உவமைதானே என்று தாண்டிப் போய்விடலாம். எனக்குத் தாண்ட முடியவில்லை. கமா போடுவதற்குக்கூட வக்கீலைக் கேட்கிறவர்கள், தங்கள் கோட்டையின் மூலைக்கல்லை வைக்க வேண்டிய இடத்தில் ஏன் ஆன்மாவைக் கூப்பிட வேண்டும்? பௌதிகமாக எந்தக் கோட்டையும் அங்கே போட முடியாது என்பதால்தான். பாகங்களின் குவியலில் "இதுதான் கம்ப்யூட்டர்" என்று விரல் வைக்கிற இடமே கிடையாது. விரல் வைத்தே தீர வேண்டும் என்றால் ஆன்மாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இதை நம் மண்ணில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் பேசி முடித்துவிட்டார். மிலிந்தனின் கேள்விகள் என்ற பௌத்த நூலில், கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தன் நாகசேனர் என்ற பிக்குவைப் பார்க்க ரதத்தில் வருகிறான். நாகசேனர் கேட்கிறார்: அச்சுதான் ரதமா? இல்லை. சக்கரமா? இல்லை. நுகத்தடியா, கடிவாளமா, இவையெல்லாம் சேர்ந்த குவியலா? இல்லை, இல்லை. அப்படியானால் எந்த ரதத்தில் வந்தாய்? அரசன் விழிக்கிறான். இந்தப் பாகங்களைச் சார்ந்து உலக வழக்கில் வழங்குகிற ஒரு பெயர்தான் ரதம், வேறு ஒன்றும் உள்ளே இல்லை என்பதில் வந்து முடிகிறது பேச்சு. நாகசேனர் என்ற ஆளுக்கும் அதே கதிதான். உள்ளே ஆன்மா என்று ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை.

பௌத்தத்தை இங்கே மேற்கோள் அலங்காரத்துக்காக இழுக்கவில்லை. பெயர் என்பது வழக்கு என்றால், யாருடைய வழக்கு என்ற அடுத்த கேள்வி தானாக எழுகிறது. மெக்கானிக் தம்பியின் "அதேதான" என்பது மதுரைக் கடைத்தெரு வழக்கு. உபயோகிக்கிறவனும் ரிப்பேர் பண்ணுகிறவனும் சேர்ந்து சொல்கிற பெயர் அது. ஒப்பந்தத்தின் "அதே சாதனம்" வேறு வழக்கு. அதை ஒரு தரப்பு மட்டுமே சொல்லும், மறு தரப்பு சம்மதம் என்ற பொத்தானை அழுத்தும். தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கே கோர்ட்டு வழக்கு என்ற அர்த்தமும் இருப்பது இந்த இடத்தில் எனக்கு ஒரு கசப்பான சிரிப்பைத் தருகிறது.

*

சாவி என்று நாம் சொல்கிற இந்த எண் எப்போதும் இப்படி இருந்ததில்லை. விண்டோஸ் 95இன் கீ வெறும் கணக்கு. மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழு இலக்கங்களையும் கூட்டினால் ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும், பெரிய சோதனை அவ்வளவுதான். எல்லா இடத்திலும் ஒன்றையே அடித்தாலும் ஏற்றுக்கொண்டது. எண் சோதிடக்காரன் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அந்தக் கீக்கு யாரையும் தெரியாது, எந்த மெஷினையும் தெரியாது. கதவில் ஒரு தாழ்ப்பாள், ஊருக்கே பொதுவான ஒரு தட்டல்.

விண்டோஸ் 98க்கு இருபத்தைந்து எழுத்துச் சாவி வந்தது. அந்த வரிசையில் ஆங்கிலத்தின் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளும் கிடையாது. ஒன்றுக்கொன்று குழப்பக்கூடிய சில எழுத்துகளையும் எண்களையும் நீக்கியிருந்தார்கள். தற்செயலாக ஏதாவது ஒரு சொல் அமைந்து தொலைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். உயிர் இல்லாத, வெறும் மெய்யெழுத்துகளால் ஆன, உச்சரிக்கவே முடியாத ஒரு பெயர். அச்சுக்கோக்கிறவன் என்பதால் எனக்கு இது படுகிறதோ என்னவோ, ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்த தம்பி எழுத்து எழுத்தாகத் திணறியதற்குக் காரணம் மங்கல் மட்டுமல்ல. மொழியாக இருக்கக் கூடாது என்றே செய்யப்பட்ட எழுத்து அது.

ஆனால் அதுவரையிலும்கூடச் சாவி என்பது சாவிதான். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தான் விஷயத்தைத் திருப்பிப்போட்டது. சாவியைத் தட்டினால் மட்டும் போதாது, கம்பெனியோடு தொடர்புகொண்டு "செயல்படுத்த" வேண்டும். அந்த நேரத்தில் மெஷினின் பாகங்களிலிருந்து ஒரு கைரேகை எடுக்கப்படும். ஜெர்மனியில் சிலர் அதைப் பிரித்துப் பார்த்து அதே வருஷம் வெளியிட்டார்கள். பத்து அம்சங்கள்: பிராசசரின் வகை, அதன் வரிசை எண், ரேமின் அளவு, டிஸ்க், திரை அட்டை, சி.டி. டிரைவ் என்று போகும். நெட்வொர்க் அட்டைக்கு மற்றவற்றைவிட மதிப்பு அதிகம். டிஸ்க்கின் பகுதிக்கு ஃபார்மட் செய்யும்போது விழுகிற எண்கூட ஒரு அம்சம். அதாவது, ஒரு பாகத்தையும் மாற்றாமல் சும்மா ஃபார்மட் பண்ணினாலே மெஷின் பத்தில் ஒரு பங்கு "வேறு" ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்தில் மதர்போர்டு என்று தனியாக ஒரு அம்சம் இல்லை. ஒப்பந்தம் ஆன்மா என்று எதைச் சொன்னதோ அதை நிரல் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நிரல் நாகசேனரின் கட்சி: பாகங்களை எண்ணுகிறது, இத்தனைக்கு மேல் மாறினால் வேறு என்கிறது, ஆன்மாவைத் தேடவில்லை. அதிகாரம் ஒரே குரலில் பேசும் என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இது ஒரு நல்ல மறுப்பு. அது முன்னுக்குப்பின் முரணாகவும் பேசும், இரண்டையும் அமல்படுத்தவும் செய்யும்.

2012இல், விண்டோஸ் 8 காலத்தில், பெரிய கம்பெனி மெஷின்களில் சாவியை மதர்போர்டின் சிப்பிலேயே எழுதிவைக்கத் தொடங்கினார்கள். ஸ்டிக்கரில் சாவி அச்சிடுவது போயிற்று. மதர்போர்டு ஆன்மா என்பது அதுவரை ஒரு வாதம். இப்போது அதை நிஜமாகவே உள்ளே வைத்துவிட்டார்கள்.

விண்டோஸ் 10க்கு இலவசமாக மாறிக்கொள்ள 2016 ஜூலை 29 வரை கெடு இருந்தது. டிஸ்க் மாற்றிய அதே கோடையில் நானும் மாறினேன். நான்கு வருஷம் கழித்து ஒரு வைரஸ் தொல்லையால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட வேண்டி வந்தது. டார்ச்சோடு ஸ்டிக்கர் பக்கம் குனிந்தேன். தம்பி சிரித்தான். "அதெல்லாம் வேணாண்ணே. கீ இல்லன்னு குடுங்க, அதுவே கண்டுபிடிச்சுக்கும்." கொடுத்தேன். கண்டுபிடித்துக்கொண்டது. எங்கோ ஒரு சர்வரில் என் மதுரை மெஷினின் கைரேகை இருக்கிறது. அது பார்த்தது, அதே மெஷின் என்றது, திறந்தது. நான் எதையும் நிரூபிக்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. 2016இல் உள்ளங்கை வேர்த்ததே, அதில் குறைந்தபட்சம் எனக்கு ஒரு பாத்திரம் இருந்தது: கேட்டார்கள், சொன்னேன், நம்பினார்கள். பாவமன்னிப்புக் கூண்டில் வாக்குமூலம் கொடுக்கிறவனும் பேசுகிறவன்தானே.

தெல்யூஸ் 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றி எழுதிய சின்னக் கட்டுரையில், நண்பர் குவாத்தாரி கற்பனை செய்த ஒரு நகரத்தைச் சொல்கிறார். ஒவ்வொருவரும் ஒரு மின்னட்டையைக் காட்டித் தடுப்பைத் தாண்டலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில் அட்டை ஏற்கப்படாமலும் போகலாம். முக்கியம் தடுப்பு அல்ல, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர். பழைய ஒழுங்குச் சமூகத்துக்குக் கையெழுத்தும் எண்ணும் என்றால், புதியதற்குச் சங்கேதச் சொல் என்கிறார். இதை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற உற்சாகம் நம்மிடம் கொஞ்சம் அதிகம், எனக்குக்கூட அலுத்துவிட்டது. ஆனால் சங்கேதச் சொல்லும் தேவைப்படாமல் போகிற கட்டத்தை அவர் எழுதவில்லை. அட்டையைக் காட்டுவதற்கு முன்பே தடுப்பு திறக்கிறது. ஆகவே அட்டை நம்முடையதா என்ற கேள்வியும் கையைவிட்டுப் போகிறது.

*

பாகம் மாறினாலும் பொருள் அதே பொருளா என்ற பிரச்சினை கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்ததல்ல. உங்கள் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர் இருக்கும், எஞ்சின் நம்பர் இருக்கும். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அலைச்சல் உண்டு, புரோக்கர் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் வண்டி எது என்று சொல்கிற விதி சட்டசபைகளில், பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படக்கூடிய விதி. வண்டி செய்த கம்பெனி அந்த விதியை எழுதுவதில்லை. எஞ்சினை மாற்றியதற்காக உங்கள் வண்டி திடீரென்று உங்களுடையதில்லாமல் ஆவதும் இல்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் ஆர்.டி.ஓ.வும் கம்பெனி, போலீசும் கம்பெனி, புத்தகமும் அவர்களிடம்.

கோர்ட்டுகள் இதைப் பார்க்காமலில்லை. 2000 ஜூலையில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், மெஷினோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வழங்கிய ஓ.இ.எம். பிரதிகளை, ஒருமுறை முறையாகச் சந்தைக்கு வந்த பிறகு, மெஷின் இல்லாமல் தனியே விற்பதைப் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் சம்பந்தப்பட்ட யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரையின்றித் தரப்படுகிற உரிமம் விற்பனைதான், வாங்கியவன் மறுபடி விற்கலாம் என்றது. அமெரிக்காவில் 2010இல் ஆட்டோடெஸ்க் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது: ஒப்பந்தம் உரிமம் என்கிறது, ஆகவே அவன் சொந்தக்காரன் அல்ல.

இந்தியாவில் நடந்தது இவை எல்லாவற்றையும்விடச் சுவையானது. 2004இல் டாட்டா கன்சல்டன்ஸிக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில், பெட்டியில் வரும் மென்பொருள் "சரக்கு" தான், விற்பனை வரி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2021 மார்ச்சில் வருமான வரி சம்பந்தமான பல வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, இந்தியாவில் உபயோகிப்பவர்கள் வெளிநாட்டு மென்பொருள் கம்பெனிகளுக்குக் கொடுப்பது பதிப்புரிமைக்கான ராயல்டி அல்ல, பிரதியை வாங்கியதற்கான விலை, ஆகவே அதில் வரி பிடிக்க வேண்டாம் என்றது. அந்தத் தீர்ப்பு கம்பெனிகளுக்குச் சாதகம். அவர்கள் தரப்பு வாதமும் அதுதான். ஆக வரித்துறையின் முன் "இது சரக்கு, விற்றோம்". என் திரையில் "இது விற்கப்படவில்லை". ஒரே பொருள் இரண்டு வாசலில் இரண்டு பெயர் சொல்கிறது. ஒரே கம்ப்யூட்டர் இரண்டு பெயர் சொன்னால் என்னைச் சந்தேகிப்பார்கள்.

இதற்கெல்லாம் விடை லினக்ஸ்தான் என்று சொல்கிற தோழர்களுக்கு நான் எதிரியல்ல. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸில் கீ கிடையாது, கைரேகை கிடையாது, அதே மெஷினா என்ற கேள்வியே கிடையாது. ஆனால் அந்த உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தின்மேல்தான் நிற்கிறது என்பதையும், நம் பழைய பக்கங்கள் அங்கே ஒழுங்காகத் திறக்கிற நாள் வரை நாம் இரண்டு வீட்டுக்காரர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

*

தம்பியிடம் ஒரு நீள நோட்டு உண்டு. கடையில் கல்லாப் பக்கத்தில் கிடக்கும். இனி உயிர் பிழைக்காது என்று அவன் கைவிட்ட மெஷின்களின் ஸ்டிக்கர் சாவிகளை அதில் எழுதிவைத்திருப்பான். காயலான் கடைக்குப் பெட்டி போவதற்கு முன் இது நடக்கும். காசில்லாத யாராவது பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக் கொடுப்பான். போட்டதும் அந்த வரியை அடித்துவிடுவான். ஒப்பந்தப்படி இது தப்பு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவைத் தெரிந்தவர்கள் குறைந்தபட்ச தண்டனை ஏழு நாள் சிறை என்று பயமுறுத்தவும் கூடும். நான் அவனிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"செத்த மெஷினு கீதானண்ணே. உசுரோட இருக்கிறதோட கீய எடுத்து இன்னொண்ணுல போட்டாத்தான் திருட்டு. அத நான் செய்ய மாட்டேன்."

அவன் கடையில் அவன் அதைச் செய்து நான் பார்த்ததும் இல்லை. சொல்லப்போனால், இந்த விதியை ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்து நான் ரொம்ப நாள் யோசித்தேன். ஒரு சாவி, ஓடுகிற ஒரு மெஷின். கம்பெனி கேட்கிற எண்ணிக்கையை அது மீறவே இல்லை. எது மெஷின், எப்போது அது சாகிறது என்று சொல்கிற உரிமையை மட்டும் கடைக்காரனும் வாடிக்கையாளனும் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மானிய நீதிபதிகள் 2000இல் வந்து சேர்ந்த இடம் இதிலிருந்து அதிக தொலைவில் இல்லை. கள்ளப் பிரதியைக் கலகம் என்று நாம் பாடிக்கொண்டிருந்த வருஷங்களில் நமக்குப் பக்கத்துத் தெருவில் இப்படி ஒரு நியாயசாஸ்திரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நாம் அதைப் படிக்கவில்லை. கடைத்தெருவை நாம் ஆதாரமாக எடுத்துக்கொள்வதே அபூர்வம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப் என் 2011 மெஷினில் இல்லை. உரிமம் செல்லும், மெஷின் அதேதான் என்று சர்வரே ஒத்துக்கொள்கிறது, ஆனாலும் தாண்ட வழியில்லை. அந்த வாரம் கடைக்குப் போயிருந்தேன். நோட்டு அங்கேயே கிடந்தது. விண்டோஸ் 7 சாவிகளைப் போட்டு 10க்கு ஏறுகிற வழியை 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் இருந்த பெரும்பாலான வரிகள் இனி எதற்கும் உதவாது.

"செல்லாத கீய எதுக்குத் தம்பி இன்னும் வச்சிருக்க?"

"எந்த மெஷினு எப்பப் போச்சுன்னு தேதி போட்டிருக்கன்லண்ணே."

வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். சாவி, தெரு, தேதி. சில இடத்தில் வீட்டுக்காரர் பெயருக்குப் பதில் "டீச்சர் மெஷின்", "வக்கீல் பழசு" என்று இருந்தது. என்னுடையது அதில் இல்லை. நெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கங்களைக் கோத்ததும் அதில்தான்.